கூரைப் பாசியும் ஒரு சுரண்டல் வரலாறும்

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி மேலே வந்து சேர்ந்ததும், முதலில் ஒரு சோடா குடித்துத் தலைசுற்றலைத் தெளிய வைத்துக்கொண்டு ஆகாய கங்கைக்கு வழி கேட்பார்கள். இல்லாவிட்டால் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு. வழியில் இருக்கிற வீடுகளின் கூரையை யாரும் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. ஆனால் பார்க்க அங்கே ஒன்று இருக்கிறது. சிவப்பு ஓடாக இருந்தாலும் சரி, சிமெண்ட் ஷீட்டாக இருந்தாலும் சரி, பத்துப் பதினைந்து வருடம் ஆன கூரை என்றால் அதன்மேல் சாம்பலும் வெளிர்ப்பச்சையுமாக, சில இடங்களில் மஞ்சளாக, வட்டம் வட்டமாக ஏதோ படிந்திருக்கும். ஊரில் கேட்டால் 'பாசி' என்பார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பாசியைப் பற்றியும், அதைச் சுரண்டி எடுக்கக் கிளம்பிய மனிதர்களைப் பற்றியும்தான். பி.காம். படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, பாதியில் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் கால் வைத்தால் வழுக்கி விழ வைக்கிற கரும்பச்சைப் படலம் இருக்கிறதே, அதுதான் உண்மையான பாசி. கோடையில் கறுத்துக் காய்ந்து கிடக்கும், மழை வந்ததும் உயிர் வரும். ஓட்டு இடுக்கில் மெத்தை மாதிரி பச்சைப் பசேலென்று வளர்வது மாஸ் என்ற வேறொரு தாவரம். நான் சொல்கிற வட்டங்கள் இரண்டும் இல்லை. அவை லைக்கன். பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் ஒரே பத்தியில் வந்து போன அதே லைக்கன்தான்.

நம் சமையலறையிலேயே ஒரு லைக்கன் உண்டு: கல்பாசி. செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் பட்டை, கிராம்போடு சேர்த்துப் போடுகிற, கறுப்பும் சாம்பலுமாகச் சருகு போல இருக்கும் பொருள். வடக்கே இதைப் பத்தர் பூல், அதாவது கல் பூ என்கிறார்கள். ஆயுர்வேதத்தில் சைலேயம். மலைப் பகுதிகளில் பாறைகளிலிருந்தும் மரப்பட்டைகளிலிருந்தும் சேகரித்துக் கடைவீதிக்கு அனுப்புகிறார்கள். ஆக, கடையில் கிராம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற பொருளின் பங்காளியைத்தான் நாம் கூரையிலிருந்து காசு கொடுத்துச் சுரண்டச் சொல்கிறோம்! (அதற்காகக் கூரையில் இருப்பதை எடுத்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். அது வேறு இனம். தவிர, காற்றிலும் மழையிலும் வருகிற உலோகங்களை லைக்கன் உறிஞ்சிச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.)

லைக்கன் என்பது ஒரே உயிர் அல்ல. இதைச் சொன்ன மனிதர் வாங்கிய திட்டு கொஞ்ச நஞ்சமல்ல. சுவீடனைச் சேர்ந்த எரிக் அகாரியஸ் என்பவர் 1800-களின் தொடக்கத்தில் லைக்கன்களை வகைப்படுத்தி வைத்த பிறகு, பல பத்தாண்டுகள் எல்லாரும் அதைத் தனித் தாவரமாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1867-ல் சுவிட்சர்லாந்துக்காரரான சைமன் ஸ்வெண்டனர், இது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம் என்று சொன்னார். லைக்கன் அறிஞர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. எங்கள் பாடத்தில் 1932-ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பூஞ்சை இடமும் கட்டடமும் தருகிறது. ஆல்கா வெயிலில் சமைத்துச் சாப்பாடு போடுகிறது. 2016-ல் டோபி ஸ்பிரிபில் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகை ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நம் பாஷையில் உறங்கும் கூட்டாளி. 150 வருடமாகப் பத்திரத்தில் பெயரே இல்லை!

இந்தக் கூட்டு நிறுவனத்தின் வளர்ச்சி விகிதம் ரொம்பக் குறைவு. பாறையோடு பாறையாக ஒட்டி வளர்கிற வகைகள் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. இலை போல விரிகிற வகைகள் சில மில்லிமீட்டர். 1950-ல் ரோலண்ட் பெஷல் என்ற ஆஸ்திரியர் இதையே கடிகாரமாகப் பயன்படுத்தி, ஆல்ப்ஸ் மலையில் பனியாறு பின்வாங்கி எத்தனை வருடம் ஆகிறது என்று பாறை மேல் இருந்த லைக்கன் வட்டத்தை அளந்து கணக்குப் போட்டார். உங்கள் வீட்டு ஓட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு வட்டம் இருந்தால் அது நேற்று வந்த விருந்தாளி இல்லை.

இன்னொன்று, எல்லா ஊர்க் கூரையிலும் இது வருவதில்லை. ஸ்வெண்டனரைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் வில்லியம் நைலாண்டர். பின்லாந்துக்காரர், பாரிஸில் வாழ்ந்தவர். அவர் 1866-ல், நகரத்தின் மற்ற இடங்களில் காணாமல் போய்விட்ட லைக்கன்கள் லக்சம்பர்க் தோட்டத்தில் மட்டும் தழைத்திருப்பதைக் கவனித்து, காற்றின் சுத்தத்துக்கு இதையே அளவுகோலாக வைக்கலாம் என்றார். நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு லைக்கனுக்கு விஷம். 1896-ல் பார்த்தபோது அந்தத் தோட்டத்திலும் அவை போய்விட்டன. ஒரு விஷயத்தில் தப்பாக நின்றவர் இன்னொரு விஷயத்தில் எல்லாரையும் முந்திவிட்டார், பாருங்கள். கொல்லிமலைக் கூரைகளில் இவ்வளவு வட்டங்கள் இருப்பதற்கும், சேலத்துச் சந்தடியில் அந்த அளவுக்கு இல்லாததற்கும் இதுவும் ஒரு காரணம். மழையும் மூடுபனியும் இன்னொரு காரணம்.

சரி, கூரைக்கு வருவோம். இந்தப் 'பிரச்சினை' எங்கள் மலைக்குப் புதிது. மலையாளி மக்களின் பழைய வீடு மண் சுவரும் புல் வேய்ந்த கூரையும் கொண்டது. உள்ளே அடுப்பு எரியும். புகை கூரையின் புல் வழியாகத்தான் வெளியேறும். அதனால் பூச்சியும் அண்டாது, ஈரமும் தங்காது. சில வருடங்களுக்கு ஒருமுறை பழைய புல்லைக் கழித்துவிட்டுப் புதிதாக வேய்வார்கள். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்கிறவனுக்கு அங்கே குடியேற நேரமே கிடையாது. லைக்கனுக்கு வேண்டியது நிரந்தரமான கூரை. அதாவது, கூரைப் பாசியின் வரலாறு என்பது நாம் கூரையை மாற்றாமல் விட்ட காலத்தின் வரலாறுதான்.

நிரந்தரக் கூரை மூன்று தவணையில் வந்தது. முதலாவது ஓடு. குயவர்கள் கையால் செய்த நாட்டு ஓடு தமிழ்நாட்டில் ரொம்பப் பழையது. ஆனால் அச்சில் அழுத்தி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற சீமை ஓடு 1865-ல்தான் பிறந்தது. மங்களூரில் ஜெப்பு என்ற இடத்தில் பாசல் மிஷன் ஆரம்பித்த தொழிற்சாலை அது. ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் ஆற்றுக் களிமண்ணைச் சோதித்துப் பார்த்துத் தொடங்கினார். அங்கிருந்து 'மங்களூர் ஓடு' என்ற பெயர் தென்னிந்தியா முழுக்கப் பரவியது. இரண்டாவது சிமெண்ட் ஷீட். மூன்றாவது கான்கிரீட். 1985-ல் வந்த இந்திரா ஆவாஸ் யோஜனாவும், 2016-ல் அதன் இடத்துக்கு வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டமும் கிராமங்களில் கான்கிரீட் கூரையைக் கொண்டு சேர்த்தன. மூன்றும் லைக்கனுக்குப் பாறை மாதிரிதான். சிமெண்டில் சுண்ணாம்புச் சத்து உண்டு. சுண்ணாம்புப் பாறையை விரும்புகிற இனங்கள் அங்கே போகும். ஓட்டில் மற்ற இனங்கள்.

இது கூரைக்குக் கெடுதலா? நியாயமாகப் பதில் சொன்னால், கொஞ்சம் உண்டு. லைக்கனின் பூஞ்சை இழைகள் நுண்ணிய துளைகளுக்குள் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சாலிக் அமிலம் சுரந்து கல்லை மெல்ல மெல்ல அரிக்கின்றன. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அப்போது மேல்மணலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். நூற்றாண்டுக் கணக்கில் நிற்க வேண்டிய சிற்பத்துக்கு இது கவலைதான். முப்பது நாற்பது வருடம் இருக்கப்போகிற ஓட்டுக்கு அவ்வளவு இல்லை. எங்கள் கணக்குப்பதிவியலில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டே, அந்தப் பேரேட்டில் லைக்கனுக்கு எழுத வேண்டிய தொகை சின்னது. பெரிய தொகை யாருக்கு என்றால், மேலே கவிந்த மரக்கிளைக்கும், உதிர்ந்த சருகுக்கும், அந்தச் சருகில் வளர்ந்த மாஸுக்கும்தான். அவைதான் தண்ணீரை ஓடவிடாமல் தேக்கி, ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் இறக்குகின்றன. எல்லாவற்றையும் விடப் பெரிய தொகை இரும்புப் பிரஷ்ஷுக்கு. அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் கொல்லிமலையிலிருந்து கொஞ்சம் தூரம் போக வேண்டும், கம்போடியாவுக்கு.

லைக்கன் சுரண்டலின் மிகப் பெரிய அத்தியாயங்களில் ஒன்று அங்கேதான் நடந்தது. நடத்தியவர்கள் நம் நாட்டுக்காரர்கள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அங்கோர் வாட் கோயிலின் நீண்ட நடைக்கூடங்களுக்குக் கூரையும் மணற்கல்தான். ஓடு வேய்ந்தது போலவே வரிவரியாகக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். ஆக, கல்லால் ஆன ஓட்டுக்கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970-களின் தொடக்கம் வரை பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பராமரித்து வந்தார்கள். பிறகு உள்நாட்டுப் போர், கெமர் ரூஜின் கொலைகார ஆட்சி. 1979-ல் வியட்நாம் படை அவர்களை விரட்டிவிட்டு அமைத்த அரசை உலகத்தில் பெரும்பாலான நாடுகள் அங்கீகரிக்கவில்லை. 1980-ல் இந்தியா அங்கீகரித்தது. அந்த அரசு கோயிலைக் காப்பாற்ற உதவி கேட்டபோது போனதும் இந்தியாதான். 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே வேலை செய்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கோயிலைக் காடு தின்றுகொண்டிருந்தது. கல் முழுக்க லைக்கனும் மாஸும். நம் துறைக்கு இதில் பழக்கம் உண்டு; 1917-லேயே வேதியியலுக்கு என்று தனிப் பிரிவு தொடங்கிய துறை அது. இந்தியக் கோயில்களில் கையாண்ட முறையையே அங்கும் கையாண்டார்கள். நீர்த்த அம்மோனியாவில் சோப்புத் திரவம் கலந்து தடவுவது, பிரஷ்ஷால் தேய்ப்பது, கழுவுவது, அதன்மேல் பூஞ்சைக்கொல்லி, கடைசியில் தண்ணீர் இறங்காமலிருக்க ஒரு பிசின் பூச்சு. தேய்த்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க் கூலித் தொழிலாளர்கள். கறுத்துக் கிடந்த கோயில் வெளிறி, பளிச்சென்று வந்தது.

பளிச்சென்று வந்ததுதான் வினை. மேல்நாட்டு நிபுணர்களும் பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. தேய்த்ததில் கல்லின் மேல்தோலும் சேர்ந்து போய்விட்டது, சிற்பத்தின் கூர்மை போய்விட்டது என்று கண்டனம். இதில் அரசியலும் கலந்திருந்தது என்பது என் எண்ணம். துப்பாக்கிச் சத்தம் கேட்கிற தூரத்தில், மற்றவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத வருடங்களில் போய் நின்றவர்கள் நம்மவர்கள். சாய்ந்த சுவர்களைச் சரிசெய்தார்கள், மழைநீர் வடிய வழி செய்தார்கள். அதை மறந்துவிட்டுத் திட்டுவது எளிது. ஆனால் அரசியலைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பிரஷ் மேல் வைத்த குற்றச்சாட்டு நிற்கத்தான் செய்கிறது. ஏனென்றால் பிறகு நடந்ததைக் கல்லே காட்டியது. துடைத்த கல்லின்மேல் முதலில் ஓடி வந்து குடியேறியது லைக்கன் இல்லை. கறுப்புப் படலமாகப் படர்கிற நீலப்பசும்பாசி. கறுப்பு வெயிலை இழுக்கும். பகலில் கல் சூடேறி விரியும், மழை பட்டதும் சட்டென்று சுருங்கும். 1995 முதல் அங்கே சிற்பங்களைக் காக்கும் வேலையில் இருக்கிற ஜெர்மன் குழுவின் ஆய்வுகளிலும் இந்தக் கறுப்புப் படலம் ஒரு தலைவலியாகப் பேசப்பட்டது. அதாவது, மெதுவாக அரிக்கிற ஒரு குடித்தனக்காரரை விரட்டிவிட்டு, அதைவிட மோசமானவருக்குச் சாவியைக் கொடுத்த கதை. 2000-களில் இதே இந்தியத் துறை அங்கோரின் தா புரோம் கோயிலில் வேலை எடுத்தபோது, சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கிற மரங்களை வெட்டாமல் அவற்றோடு சேர்த்தே கட்டடத்தைத் தாங்க வைத்தது.

இதே காலத்துக்கு முன்னால் இந்தோனேசியாவில் வேறு மாதிரி ஒரு கதை. போரோபுதூர் பௌத்த நினைவுச்சின்னத்தின் சிற்பங்களிலும் லைக்கனும் மாஸும் படர்ந்திருந்தன. யுனெஸ்கோ உதவியோடு 1983 வரை பத்து வருடம் நடந்த சீரமைப்பில் அங்கேயும் ரசாயனம் தடவினார்கள், களைக்கொல்லி அடித்தார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஏன் வளர்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கட்டடம் ஒரு மண்மேட்டின்மேல் கல் அடுக்கிக் கட்டியது. மழைத் தண்ணீர் மேட்டுக்குள் இறங்கி, சிற்பங்களின் முதுகு வழியாகக் கசிந்து வந்துகொண்டிருந்தது. எனவே கற்களைப் பத்து லட்சத்துக்கும் மேல் எண் போட்டுக் கழற்றி, உள்ளே வடிகாலும் நீர் தடுக்கும் அடுக்கும் வைத்து, திரும்ப அடுக்கினார்கள். பாசியை அழிக்க எடுத்த வேலையில் பெரும் பங்கு பாசியைத் தொடவே இல்லை, தண்ணீரைத்தான் திருப்பியது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

நம் ஊரிலும் ஒரு வேகம் வந்தது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோயில் தூண்களில் பல வருடச் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் போகட்டும் என்று மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்தார்கள். சாண்ட் பிளாஸ்டிங் என்பார்கள். கருங்கல்லே ஆனாலும் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். கல்வெட்டு எழுத்து மழுங்கிவிடும். எதிர்ப்பு கிளம்பி, பிறகு அரசே தடை போட்டது. சொரசொரப்பான கல்லில் தண்ணீரும் தூசும் இன்னும் நன்றாகத் தங்கும், பாசி இன்னும் சுலபமாக வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுட்ட ஓட்டுக்கும் இதே விதிதான். சூளையில் வெந்து இறுகிய மேல்தோலை ஒருமுறை சுரண்டிவிட்டால், உள்ளே இருக்கிற துளைகள் வாய் திறந்துகொள்ளும்.

அப்படியானால் சுரண்டாமல் தடுக்க வழியே இல்லையா? உண்டு, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஓட்டுக்கூரையின் முகட்டில் கால்வனைஸ் தகடு மடித்துப் போட்ட வீடு இருந்தால் கவனியுங்கள். தகட்டுக்குக் கீழே கொஞ்ச தூரம் ஓடு சுத்தமாக இருக்கும். மழைநீர் தகட்டிலிருந்து மிகச் சிறிதளவு துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு கீழே ஓடுகிறது. அது லைக்கனுக்கு ஆகாது. துத்தநாகத்தைப் பெருமளவில் காய்ச்சி வடித்த முதல் இடங்களில் நம் நாட்டு ராஜஸ்தானத்து ஜாவர் முக்கியமானது. கத்திரிக்காய் வடிவ மண்குடுவைகளில், சுமார் 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே செய்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1738-ல்தான். இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் காப்புரிமை 1837-ல் பிரான்சின் சொரேலுக்குக் கிடைத்தது. அவர் நினைத்தது துருவை. லைக்கன் அவர் கணக்கிலேயே இல்லை.

செம்பும் அப்படித்தான். பிரான்சில் மெடோக் பகுதியில் சாலையோரத் திராட்சையைத் திருட்டுக்கு பயந்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைப்பார்களாம், பார்த்தால் விஷம் மாதிரித் தெரியட்டும் என்று. அந்தக் கொடிகளுக்கு மட்டும் பூஞ்சை நோய் வராததை மில்லர்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-ல் அது போர்டோ கலவையாக உலகத்துக்கு வந்தது. காப்பித் தோட்டங்களில் மழைக்கு முன்னால் இலைத்துரு நோய்க்கு இன்றும் அடிக்கிற மருந்து இதுதான். செம்பு மருந்து தொடர்ந்து அடிக்கிற தோட்டங்களில் மரப்பட்டை லைக்கனும் குறைந்துவிடும். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவதும் பூஞ்சை வராமலிருக்கத்தான். எங்கள் மலையிலும் காப்பியும் மிளகும் உண்டு என்பதால் இந்த நீலக்கல் யாருக்கும் புதிதில்லை. ஆனால் கூரையில் அதைத் தெளித்துக் கரைத்து ஓடவிட்டால் கீழே தொட்டியும் கிணறும் மீனும் இருக்கின்றன என்பதை நினைக்க வேண்டும். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு நிறையக் கூரைகள் குடிதண்ணீரோடு இணைந்துவிட்டன.

இப்போது முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டின் முன்பக்கம் சீமை ஓடு, பின்னால் சமையல்கட்டுக்குச் சிமெண்ட் ஷீட். இரண்டிலும் வட்டங்கள். போன தை மாதம் வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்த ஒருவர், "கூரையையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, தண்ணி அடிச்சு, பெயிண்ட் அடிச்சுத் தர்றேன், புதுசு மாதிரி ஆயிரும்" என்றார். அப்பாவுக்கு ஆசை. ஆயாதான், "ஓட்டுல பூத்துக் கெடந்தா ஓட்டையா வுழுந்துருச்சு? உள்ள ஒழுவுனா சொல்லு, ஏறச் சொல்றேன்" என்று தடுத்துவிட்டது. ஆயா அங்கோர் வாட் பற்றியெல்லாம் கேள்விப்பட்டதில்லை :-) அந்தச் சண்டையில் தேட ஆரம்பித்ததுதான் இவ்வளவும். தேடியதில் ஓட்டை விட ஷீட்தான் என்னைப் பயமுறுத்தியது.

அந்த ஷீட்டை ஊரில் 'ஆஸ்பெட்டாஸ்' என்பார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் சிமெண்டோடு கல்நார் இழையைக் கலந்து தகடாக்கும் முறைக்கு 1901-ல் காப்புரிமை வாங்கினார். மலிவு, நெருப்புப் பிடிக்காது, துருப்பிடிக்காது. ஏழை வீட்டுக்கு வரப்பிரசாதம் மாதிரிதான் வந்தது. ஆனால் அந்த இழை உடைந்து தூசாகி மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பிரிட்டன் 1999-ல் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-ல். நம் நாட்டில் கல்நார் வெட்டி எடுப்பது நின்றுவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து ஷீட் போடுவது நிற்கவில்லை.

ஷீட் முழுசாக, ஆடாமல் இருக்கும்போது இழைகள் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். பழசாகி மேல் சிமெண்ட் அரிக்கும்போது வெளியே நீட்டிக்கொள்ளும். இங்கேதான் லைக்கன் மறுபடி வருகிறது. இத்தாலியின் டுரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கல்நார் கூரைகளில் வளர்ந்த லைக்கன்களை ஆராய்ந்து 2009-ல் எழுதியது இது: லைக்கன் மூடியிருக்கிற இடத்தில் இழைகள் உதிர்வது குறைவு. அதன் உடலே ஒரு போர்வை மாதிரி இழைகளைப் பிடித்து வைக்கிறது. அது சுரக்கிற ஆக்சாலிக் அமிலம், கல்லை அரிக்கிறது என்று மேலே குற்றம் சொன்னேனே, அதே அமிலம், கல்நார் இழையிலிருந்து மெக்னீசியத்தைப் பிரித்து அதன் வீரியத்தைக் குறைக்கிறது. அந்தப் போர்வையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னால் என்ன ஆகும்? தேய்க்கிறவர் முகத்துக்கு நேரே தூசி. துணி கட்டிக்கொண்டால் போதாது, அந்த இழை துணிக்குள் புகுந்து வரும். மிச்சம் சமையல்கட்டுக்குள் இறங்கும். வர்ணம் அடிக்க வந்த அந்த மனிதருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எத்தனை வீட்டு ஷீட்டைத் தேய்த்திருப்பார் என்று யோசித்தபோது எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேட்கிறவர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக்கூரையில் முதல் வேலை அரிவாளுக்கு: மேலே கவிந்த கிளையைக் கழித்து, வெயிலும் காற்றும் படவிட வேண்டும். சருகை மென்மையான துடைப்பத்தால் மேலிருந்து கீழாகத் தள்ளினால் போதும். கட்டாயம் லைக்கனைக் கொன்றே தீர வேண்டும் என்றால் மழை இல்லாத நாட்களில் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து விட்டுவிடலாம். தேய்க்கக் கூடாது. செத்த லைக்கன் உடனே போகாது, பிடி தளர்ந்து உதிர மாதக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால் மழைநீர்க் குழாயைத் தொட்டியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி நனைத்து வைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கான்கிரீட்டுக்கு ஆசிட் எந்த நிலையிலும் ஆகாது, பாசிக்கு முன்னால் சிமெண்ட் கரையும். கால்வனைஸ் ஷீட் போட்ட கூரைக்கு மேலே செம்புக் கம்பியோ தகடோ கட்டக் கூடாது, செம்பு கரைந்த தண்ணீர் பட்டுத் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் போய்விடும்.

எங்கள் வீட்டில் மாசி மாதம் பலா மரத்தில் இரண்டு கிளைகளை வெட்டினோம். ஓட்டு முகட்டில் கால்வனைஸ் தகடு மடித்துப் போட்டாயிற்று. அதன் கீழே இருக்கிற வட்டங்கள் எப்போது வெளுக்கின்றன என்று பார்க்க மழைக்காகக் காத்திருக்கிறேன். பின்பக்க ஷீட்டில் யாரும் கை வைக்கவில்லை. அதை ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது உடைக்காமல், நன்றாக நனைத்து, ஆணிகளைப் பார்த்துக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். அதன்மேல் நேரடியாக ஏறி நிற்கவும் கூடாது, பழைய ஷீட் சொல்லாமல் உடையும். அந்தச் செலவுக்குப் பணம் சேருகிற வரைக்கும் சமையல்கட்டின் மேல் அந்தச் சாம்பல் வட்டங்கள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பாவும் ஒத்துக்கொண்டுவிட்டார்.